முதல் பியானோவின் எண் 483

நியூயார்க்கில் 1853ஆம் ஆண்டு ‘ஸ்டைன்வே அண்ட் சன்ஸ்’ என்ற புதுக் கம்பெனி தன் முதல் பியானோவை விற்றது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று 500 டாலர் கொடுத்து வாங்கியது. அந்தப் பியானோ இன்று அதே ஊரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் பியானோ என்றால் எண் 1 என்றுதானே இருக்க வேண்டும்? அதில் இருப்பது 483.

இதில் பித்தலாட்டம் ஏதும் இல்லை. கம்பெனியை ஆரம்பித்த ஹைன்ரிக் ஸ்டைன்வெக், ஜெர்மனியில் ஸேஸன் என்ற சிற்றூரில் மரவேலை செய்துகொண்டிருந்தவர். 1836இல் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு பியானோவைச் செய்து முடித்தார் என்று சொல்வார்கள். அங்கே 482 பியானோக்கள் செய்தபின் 1850இல் குடும்பத்தோடு கப்பலேறினார். அமெரிக்காவில் பெயரை ஹென்றி ஸ்டைன்வே என்று மாற்றிக்கொண்டாரே தவிர, கணக்கை மாற்றவில்லை. ஜெர்மனியில் விட்ட இடத்திலிருந்து நியூயார்க்கில் தொடர்ந்தார்.

பழைய பியானோ வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “இது எந்தக் காலத்துது?” அதற்குச் சுலபமான பதிலும் ஒன்று உண்டு: உள்ளே ஒரு வரிசை எண் இருக்கும், அதைப் பட்டியலில் பார்த்தால் வருடம் தெரிந்துவிடும். பதில் சரிதான். ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதும், கிடைத்தது அதே எண்தான் என்று உறுதி செய்வதும், பட்டியல் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவு கட்டுவதும் தனித்தனி வேலைகள். 483 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ‘இந்தக் கம்பெனி இதற்குமுன் நியூயார்க்கில் 482 பியானோ செய்திருக்கிறது’ என்று எழுதினால் என்ன ஆகும்? கணக்கு சரியாக இருக்கும், வரலாறு தப்பாகிவிடும்.

மூடிக்குள்ளே டார்ச் அடித்தால்...

நின்ற வாக்கில் இருக்கும் அப்ரைட் பியானோ என்றால் மேல் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தங்க நிறப் பூச்சு மங்கிப்போன இரும்புச் சட்டம் தெரியும். அதன் மேல்பக்கத்தில் கம்பிகளை இறுக்கும் ட்யூனிங் பின்கள் இருநூறு சொச்சம் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் அருகே எங்காவது நாலு இலக்கத்திலிருந்து ஏழு இலக்கம் வரை ஓர் எண் இருக்கும். சில கம்பெனிகள் இரும்புச் சட்டத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் விட்டு, அதன் வழியாகத் தெரியும் மரத்தில் எண்ணை அடித்திருப்பார்கள். வேறு சிலர் மூடியின் உள்பக்கத்திலோ பின்பக்கச் சட்டத்திலோ பொறித்திருப்பார்கள். படுத்த வாக்கில் இருக்கும் கிராண்ட் பியானோவில் ட்யூனிங் பின்களுக்கு முன்னாலோ, கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட் போர்டு மீதோ தேட வேண்டும். எண்பது, நூறு வருடத் தூசி படிந்திருக்கும். காய்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தாலே போதும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் மையில் எழுதிய எண் துணியோடு வந்துவிடும்.

ஓர் எண் கிடைத்ததும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தை வார்த்துக் கொடுத்த பட்டறை தன் அச்சுக்கு ஓர் எண் போட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும் பொறியமைப்பை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். அதைப் பல பியானோ கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை. பாரிஸின் ஷ்வாண்டர் போன்ற தனிக் கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்தினார்கள். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு வரிசை எண் உண்டு. இதெல்லாம் போக மாடல் எண், பேடன்ட் எண் வேறு. ஒரே பியானோவுக்குள் நாலைந்து எண்கள் கிடைப்பது சர்வசாதாரணம். மூடி, முன்பலகை, கட்டைகள் என்று கழற்றி மாட்டும் பாகங்களில் இரண்டு மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் வரிசை எண்ணின் வாலாக இருக்கும். தொழிற்சாலையில் ஒரே மாதிரி இருபது மூடிகள் சாய்த்து வைத்திருக்கும்போது எது எந்தப் பியானோவுக்கு என்று குழம்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. சட்டத்தில் இருக்கும் எண்ணோடு இந்த வால் பொருந்தினால், சரியான எண்ணைத்தான் பிடித்திருக்கிறோம்.

அனுபவப்பட்ட ட்யூனர்கள் இன்னொரு காரியம் செய்வார்கள். இடதுகோடியில் இருக்கும் முதல் கட்டையை உருவி எடுத்து அதன் பக்கவாட்டைப் பார்ப்பார்கள். எண் பல நேரம் அங்கேயும் இருக்கும். கூடவே அந்தப் பியானோவுக்கு எப்போதோ ட்யூனிங் செய்த யாரோ ஒருவர் பென்சிலில் எழுதிய தேதியும் பெயரும் இருக்கலாம். வேலை முடித்ததும் கட்டையில் இப்படிக் குறித்துவிட்டுப் போவது அந்தத் தொழிலில் வெகுநாள் பழக்கம். எண் 1905 என்று சொல்கிறது, கட்டையில் 1898 என்று பென்சில் எழுத்து இருக்கிறது என்றால் பென்சிலைத்தான் நம்ப வேண்டும். செய்யாத பியானோவுக்கு யாரும் ட்யூனிங் செய்திருக்க முடியாது அல்லவா!

பட்டியல் என்பது ஒரு சமரசம்

எண்ணைப் பிடித்தாயிற்று. அடுத்து பட்டியல். அமெரிக்காவில் என். இ. மிஷெல் என்பவர் பியானோ கம்பெனிகளின் பெயர்களையும் வரிசை எண்களையும் ஆண்டுவாரியாகத் தொகுத்து ஒரு ‘பியானோ அட்லஸ்’ போட்டார். பிறகு பாப் பியர்ஸ் கைக்கு மாறி அது ‘பியர்ஸ் பியானோ அட்லஸ்’ ஆனது. ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் பெயர்கள் அதில் உண்டு. ட்யூனர்களும் பழைய பியானோ வியாபாரிகளும் கையோடு வைத்திருந்த புத்தகம். பெரும்பாலான பட்டியல்கள் ஆண்டுக்கு ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். ஸ்டைன்வேக்கு 1900 என்றால் 95,000. 1910 என்றால் 1,40,000. 1920 என்றால் 2,00,000. நம் எண் எந்த இரண்டு எண்களுக்கு நடுவே வருகிறது என்று பார்த்து ஆண்டைச் சொல்ல வேண்டியதுதான்.

முழு ஆயிரங்களாக வரும் இந்த எண்களைப் பார்த்தாலே இது குத்துமதிப்பு என்று புரியும். டிசம்பர் 31 நள்ளிரவு சரியாக ஒரு முழு ஆயிரத்தில் எந்தத் தொழிற்சாலையும் கணக்கை முடிப்பதில்லை. ஒரு கிராண்ட் பியானோவைச் செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். எண் போடுவது ஒரு நாள், வேலை முடிவது இன்னொரு நாள், கடைக்குப் போவது வேறொரு நாள். அங்கிருந்து விற்பதற்குள் இன்னும் ஓராண்டு ஓடினாலும் ஆச்சரியமில்லை. ஆகவே, “1911ஆம் ஆண்டுப் பியானோ” என்று ஒருவர் அடித்துச் சொன்னால், 1910க்கும் 1912க்கும் நடுவே என்று எடுத்துக்கொள்வது நல்லது.

லண்டனின் பிராட்வுட் கம்பெனியில் இன்னொரு சிக்கல். அவர்கள் எல்லாப் பியானோவுக்கும் ஒரே வரிசை வைக்கவில்லை. மேஜை போன்ற சதுரப் பியானோவுக்கு ஒரு வரிசை, கிராண்டுக்கு ஒரு வரிசை, அப்ரைட்டுக்கு வேறு வரிசை. எண் ஒன்றாகவே இருந்தாலும் வகை மாறினால் ஆண்டும் மாறிவிடும். ஸ்டைன்வே இதற்கு நேர் எதிர். 1880இல் ஹாம்பர்க்கில் இன்னொரு தொழிற்சாலை திறந்த பிறகும் இரண்டு ஊருக்கும் ஒரே வரிசைதான். எண்ணைப் பார்த்து வருடத்தைச் சொல்லலாம், கடலுக்கு எந்தப் பக்கம் செய்தது என்பதைச் சொல்ல முடியாது. தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் என்று காட்டிக்கொள்ள முதல் பியானோவுக்கே ஐந்திலக்க எண் போட்டு ஆரம்பித்த கம்பெனிகளும் இருந்தன. போட்டி மிகுந்த வியாபாரத்தில் எண்ணும் ஒரு விளம்பரம்தான்.

எண்ணுக்குள் ஒரு பொருளாதார வரலாறு

அந்த ஸ்டைன்வே பட்டியலை வயது பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண் என்பது என் கருத்து. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனித்தால் வேறொரு கதை கிடைக்கும். 1920க்கும் 1930க்கும் நடுவே எண் 2,00,000இலிருந்து 2,71,000 ஆகிறது. பத்தாண்டில் எழுபதாயிரத்துக்கு மேல். அடுத்து 1935ஐப் பார்த்தால் 2,79,000. ஐந்து வருடத்தில் எட்டாயிரம்தான். 1929இல் பங்குச் சந்தை விழுந்த பிறகு அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறை எப்படிக் காலியானது என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கு சொல்லிவிடும். பொருளாதார மந்தம் மட்டும் காரணமில்லை. 1909இல் அமெரிக்காவில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பியானோக்கள் தயாராயின. அன்று வீட்டில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். கிராமபோனும் ரேடியோவும் வந்ததும் அந்த அவசியம் போய்விட்டது.

போர்க்காலமும் அப்படித்தான். 1942இல் 3,05,000, 1945இல் 3,10,000. இரும்பும் செம்பும் ராணுவத்துக்குப் போய்விட, ஸ்டைன்வே ஆட்கள் படையினரை ஏற்றிச்செல்லும் கிளைடர் விமானங்களுக்கு மரப் பாகங்கள் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் ராணுவத்துக்காகவே சிறிய அப்ரைட் பியானோக்களும் செய்தார்கள். ‘விக்டரி வெர்ட்டிகல்’ என்று பெயர். ராணுவப் பச்சை பூசி, முகாம்களுக்கு அனுப்பினார்கள். போர்க்கள முகாமுக்கு ஸ்டைன்வே பியானோ என்பது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இதே பட்டியலில் ஓர் உறுத்தலும் உண்டு. 3,00,000 என்ற எண்ணைப் பட்டியல் 1940க்கு எதிரே போட்டிருக்கிறது. ஆனால் 3,00,000ஆவது ஸ்டைன்வே 1938 டிசம்பரிலேயே வெள்ளை மாளிகைக்குப் பரிசாகப் போய்விட்டது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பொன்முலாம் பூசிய கழுகுகளைக் கால்களாகக் கொண்ட அந்தக் கிராண்ட் பியானோ இன்றும் அங்கே இருக்கிறது. 1,00,000ஆவது பியானோவையும் 1903இல் இதே முகவரிக்குத்தான் கொடுத்தார்கள். ஆக, விழாவுக்கென்று முழு எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. சாதாரண உற்பத்தி அந்த எண்ணை எட்டிப் பிடிக்கப் பிறகுதான் வந்தது. பட்டியலை மட்டும் நம்புகிற ஒருவர், வெள்ளை மாளிகைப் பியானோவின் வயதிலேயே இரண்டு வருடம் பிசகிவிடுவார்!

ஷோபானின் 13819

வரிசை எண்ணின் முழு வலிமையைக் காட்டிய சம்பவம் 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு 1848க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. பியானோ மேதை ஷோபானிடம் படித்துக்கொண்டிருந்த பணக்கார வீட்டு மாணவிகள் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பாடம் சொல்லிக் கொடுத்துதான் அவர் பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. உடம்போ நோயில் இளைத்துக் கிடந்தது. ஸ்காட்லாந்து மாணவி ஜேன் ஸ்டர்லிங் வற்புறுத்தி அழைக்க, ஏப்ரல் மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தார். டோவர் தெருவில் அவர் தங்கிய இடத்தில் மூன்று பியானோக்கள் இருந்தன. எரார் கம்பெனி ஒன்று அனுப்பியது, பிராட்வுட் ஒன்று அனுப்பியது, மூன்றாவது அவர் பாரிஸிலிருந்து கொண்டுவந்த பிளேயெல். உலகின் மூன்று பெரிய கம்பெனிகள் ஒரே அறையில் மோதிக்கொண்டிருந்தன. லண்டன் கச்சேரிகளில் அவர் வாசித்தது பிராட்வுட்டில். அந்தக் கிராண்டின் எண் 17047. நவம்பரில் பாரிஸ் திரும்பும்போது பிளேயெலை இங்கிலாந்திலேயே விற்றுவிட்டார். அடுத்த அக்டோபரில் இறந்தும் போனார். அந்தப் பிளேயெல் எங்கே போனது என்பது அத்துடன் மறந்துபோனது.

ஓவியரும் பழைய பியானோக்களைச் சேகரிப்பவருமான அலெக் காப், 1988இல் சுமார் 2,000 பவுண்டு கொடுத்து ஒரு பிளேயெல் கிராண்ட் வாங்கினார். சர்ரே மாவட்டத்தில் ஹேட்ச்லண்ட்ஸ் பார்க் மாளிகையில் இருக்கும் தன் சேகரிப்பில் அதையும் ஒன்றாக வைத்திருந்தார். நல்ல பியானோ, ஷோபான் காலத்துப் பியானோ என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. ஷோபான் ஆய்வில் பெரிய பெயரான சுவிட்சர்லாந்து இசையியலாளர் ழான் ழாக் ஐகெல்டிங்கர், பிளேயெல் கம்பெனியின் பழைய விற்பனைப் பேரேடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஷோபான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கருவியின் எண்ணைப் பிடித்தார்: 13819. காப் வீட்டுப் பியானோவின் உள்ளே இருந்ததும் அதே எண். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்த பியானோதான் அது.

இதில் எண்ணை மட்டும் மெச்சினால் பாதிக் கதைதான். 13819 என்பது அந்தப் பியானோவின் உள்ளே நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம், ஆண்டையும் ஊகித்திருக்கலாம். ஷோபானின் பெயரை அது ஒருநாளும் சொல்லியிருக்காது. கையில் அடகுக் கடை ரசீது இருக்கிறது, கடையின் பேரேட்டைக் காணோம் என்றால் ரசீது வெறும் காகிதம்தானே! பிளேயெல் அலுவலகத்தில் உட்கார்ந்து, விற்ற ஒவ்வொரு பியானோவுக்கும் எண், வகை, தேதி, வாங்கியவர் பெயர் என்று விடாமல் எழுதிய குமாஸ்தாதான் இந்தக் கதையின் நாயகர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பிளேயெல், எரார் கம்பெனிகளின் அந்தப் பேரேடுகள் இன்று பாரிஸின் இசை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இதைப் போலவே இன்னொரு குமாஸ்தா லண்டனில் இருந்தார். 1817ஆம் ஆண்டு பிராட்வுட் கம்பெனியின் தாமஸ் பிராட்வுட் வியன்னா போய் பீத்தோவனைப் பார்த்துவிட்டு வந்து, அவருக்கு ஒரு கிராண்ட் பியானோ அன்பளிப்பாக அனுப்ப முடிவு செய்தார். லண்டனின் பிரபல இசைக்கலைஞர்கள் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எண் 7362. கம்பெனியிலிருந்து வெளியே போகும் சுமைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், அந்த டிசம்பர் 27ஆம் தேதிக்கு நேராக அது பதிவாகியிருக்கிறது: ஆறு எண்மக் கிராண்ட், எண் இன்னது, தகரம் உள்பூசிய பெட்டி, டிரியஸ்ட் துறைமுகம் வழியாக, பெறுபவர் பீத்தோவன். கப்பலில் மத்தியதரைக் கடல் சுற்றி டிரியஸ்ட் போய், அங்கிருந்து மலைப்பாதையில் வண்டியேறி, அடுத்த ஆண்டு வியன்னா சேர்ந்தது. பீத்தோவனுக்கு அப்போது காது ஏறக்குறைய முழுக்கவே போயிருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு அது இன்னொரு இசைமேதையான லிஸ்ட்டிடம் சேர்ந்தது. இப்போது புடாபெஸ்ட்டில் ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிராட்வுட்டின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் வோக்கிங் ஊரிலுள்ள சர்ரே வரலாற்று மையத்துக்குப் போக வேண்டும். பீத்தோவன் பெயரை எழுதிய அந்தக் கைக்கு வரலாறு பற்றிய நினைப்பு ஏதும் இருந்திருக்காது. சுமை காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற கவலை இருந்திருக்கும்.

கோர்ட்டுக்குப் போன பியானோ

எல்லாக் கதையும் இவ்வளவு நல்லபடியாக முடிவதில்லை. ஸ்பெயினின் மஜோர்கா தீவில் வால்டெமோஸா என்ற ஊர். அங்கே பழைய மடாலயம் ஒன்று. 1838-39 குளிர்காலத்தை ஷோபானும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் அங்கே வாடகை அறையில் கழித்தார்கள். பாரிஸிலிருந்து பிளேயெல் அனுப்பிய சிறிய பியானோ பால்மா சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, பேரம் பேசி மீட்பதற்குள் ஜனவரி ஆகிவிட்டது. பிப்ரவரியில் அவர்கள் ஊரையே காலி செய்துவிட்டார்கள். அந்தப் பியானோ உள்ளூரிலேயே விலைபோனது. அதன் எண் 6668.

பின்னாளில் மடாலயத்தின் அறைகள் தனித்தனிக் குடும்பங்களின் சொத்தாகிவிட்டன. ஷோபான் தங்கியது எங்கள் அறையில்தான் என்று இரண்டாம் எண் அறையும் நாலாம் எண் அறையும் போட்டி போட்டன. இரண்டிலும் ஆளுக்கொரு பியானோ, ஆளுக்கொரு டிக்கெட். சுற்றுலாப் பயணிகள் எதற்கு வம்பு என்று இரண்டையும் பார்த்துவிட்டு வந்தார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 2011இல் தீர்ப்பு வந்தது. 6668 எண்ணுள்ள பிளேயெல் நாலாம் அறையில் இருக்கிறது. இரண்டாம் அறையில் காட்டிக்கொண்டிருந்த பியானோ ஷோபான் தீவைவிட்டுப் போன பிறகு செய்யப்பட்டது, அதை அவர் வாசித்திருக்கவே முடியாது என்றார் நீதிபதி. ஒரு பியானோ எப்போது பிறந்தது என்பதை ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து விசாரித்தது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

பேரேடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

நம் வீட்டுப் பக்கம் கிடைக்கும் பியானோக்களுக்கு இந்தக் கொடுப்பினை பெரும்பாலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலும் பெர்லினிலும் நியூயார்க்கிலும் நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகள் இருந்தன. பத்து வருடம் ஓடி மூடிய கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை யார் காப்பாற்றுவார்கள்? போதாக்குறைக்கு, ஒரே தொழிற்சாலை கடைக்காரர் கேட்கும் பெயரைப் பியானோவில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அமெரிக்காவில் இவற்றை ‘ஸ்டென்சில் பியானோ’ என்றே சொன்னார்கள். ஸ்டைன்வே போல ஒலிக்கும் பெயர்கள்கூட ஒட்டப்பட்டன. அந்தக் காலத்து இசை வணிகப் பத்திரிகைகள் இதை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. வாங்கியவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு வந்தவற்றில் இந்தக் குழப்பம் வேறு விதமாக வரும். கட்டைகளுக்கு மேலே தங்க எழுத்தில் கல்கத்தாவின் ஹெரால்ட், பம்பாயின் ரோஸ், சென்னையின் மிஸ்க்வித் என்று இருக்கும். இவை விற்ற கடைகளின் பெயர்கள். இவற்றுள் மிஸ்க்வித் 1842இல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கடை. இன்றைய மியூசி மியூசிகல் அதன் வழிவந்ததுதான். அந்தத் தங்க எழுத்தை வைத்துப் பட்டியலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மூடியைத் திறந்து, இரும்புச் சட்டத்தில் செய்தவர் பெயர் வார்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்ப நாடுகளுக்கென்றே செய்த பியானோ என்றால் இன்னும் ஓர் அடையாளம் உண்டு: பசையை மட்டும் நம்பாமல், மூட்டுகளிலும் கட்டைகளிலும் பித்தளைத் திருகாணி முடுக்கியிருப்பார்கள். சென்னைப் புழுக்கத்தில் பசை என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டியல் கைவிட்டால் பியானோவே கொஞ்சம் பேசும். ‘ஜெர்மனியில் தயாரானது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1887க்கு முன்னால் போக வாய்ப்பு குறைவு. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது அந்த ஆண்டுதான். ‘மகாராணியாரின் நியமனம்’ என்று இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம், அதாவது 1901க்கு முன். ‘மன்னரின் நியமனம்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பின். கண்காட்சியில் வாங்கிய பதக்கங்களின் படத்தை மூடியில் பொறிப்பது அன்றைய பெருமை. 1867 பாரிஸ் பதக்கம் இருக்கும் பியானோ 1866இல் பிறந்திருக்காது. முகவரியும் உதவும். பிராட்வுட் 1904இல் கிரேட் பல்ட்டனி தெருவைவிட்டுக் கிளம்பியது. அந்த முகவரி இருந்தால் பியானோ அதற்கு முந்தையது.

ஆனால் இரும்புச் சட்டத்தில் பெரிதாக வார்த்திருக்கும் ஆண்டைப் பார்த்து மட்டும் யாரும் குதிக்க வேண்டாம். பழைய ஸ்டைன்வே பியானோக்களில் 1859, 1872, 1875 என்றெல்லாம் காணப்படும். அவை பேடன்ட் வாங்கிய ஆண்டுகள். கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடும் முறைக்கு ஸ்டைன்வே பேடன்ட் வாங்கியது 1859 டிசம்பரில். அந்த ஆண்டைப் பல்லாண்டுகள் பெருமையோடு வார்த்துக்கொண்டே இருந்தார்கள். “எங்க தாத்தா வாங்கினது, 1859 மாடல்” என்று சொல்லப்படும் பியானோக்களில் கணிசமானவை இந்த வகை.

வயது தெரிந்ததும் அடுத்த கேள்வி எப்போதும் விலைதான். இங்கே ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். நல்ல வயலினுக்கு வயது கூடக்கூட மவுசு. பியானோவுக்கு அப்படி இல்லை. நவீனப் பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சட்டத்தை இழுக்கும் விசை சுமார் 20 டன். நூறு வருடம் இந்த இழுப்பைத் தாங்கிய மரம் வெடிக்கும், பின்கள் தளரும், சவுண்ட் போர்டு தட்டையாகும். யார் செய்தது, யார் வாசித்தது என்ற கேள்விக்குப் பேரேடு நல்ல பதில் கொடுத்தாலொழிய, 1890ஆம் ஆண்டுச் சாதாரண அப்ரைட்டுக்கு வயது ஒரு தகுதி ஆகாது. இழுத்துப்போக ஆகும் லாரி வாடகை சில நேரம் பியானோவின் விலையைவிட அதிகம்.

இருந்தாலும் இப்போது சட்டமே வயதைக் கேட்கிறது. பழைய பியானோக்கள் பலவற்றின் வெள்ளைக் கட்டைகள்மேல் ஒட்டியிருப்பது யானைத் தந்தம். கட்டையின் அகலமான முன்பகுதியும் குறுகலான பின்பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல் ரேகை ஓடும். அப்படி இருந்தால் தந்தம். கோடும் ரேகையும் இல்லாமல் வழுவழுவென்று ஒரே வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக். பிரிட்டனில் 2022 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், தந்தம் உள்ள பொருள் எதையும் விற்கக் கூடாது என்கிறது. இசைக்கருவிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. 1975க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், தந்தம் கன அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். பியானோவில் தந்தம் மேலே ஒட்டிய மெல்லிய தகடுதான் என்பதால் இரண்டாவது நிபந்தனையில் பிரச்சினை வராது. முதலாவதற்குத்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஆகவே பாட்டியின் பியானோவை விற்க நினைக்கும் பிரிட்டன்காரர், மூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, வரிசை எண்ணைப் படம் எடுத்து, அது எந்த ஆண்டு என்று பட்டியலில் பார்த்து எழுதி, கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் விளம்பரமே கொடுக்க முடியும்.